பல்லேபொலக் காருக்கு நான் வைத்த கள்ளச் சுவிச்சு

ஒரு வாகனத்தின் சொந்தக்காரர் யார்?

பதிவுப் புத்தகத்தில் பெயர் இருப்பவரா? சாவியைக் கொண்டுவந்து நீட்டுபவரா? தினமும் ஓட்டுபவரா? அதை வாங்குவதற்காக உழைத்தவரா? மாத்தளை நகரத்தில் வாகன வயரிங் கடை ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தேன். இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. பதில் தெரியாமலேதான் எத்தனையோ வாகனங்களுக்குக் கள்ளச் சுவிச்சு வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

பயிற்சி நிலையத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்த மிஸ் போன வாரம் அழைத்தார். இந்த வருடம் படிப்பை முடித்து வேலைக்குப் போகிற உங்களுக்காகப் பழைய மாணவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்றார். வட்ஸ்அப்பில் ஒரு பட்டியலும் அனுப்பினார். அதில் "ஓய்வு பெற்றவர்கள்" என்ற தலைப்பின் கீழ் என் பெயர் இருந்தது. எனக்கு வயது முப்பத்தொன்று. மகனுக்குப் பதினொரு மாதம். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் வேறு எந்தத் தலைப்பின் கீழ் என்னைப் போடுவது என்று எனக்கே தெரியவில்லை. கணவர் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்கு வருவார். மற்ற ஆறு நாளும் நான் பேசுவது, பேசத் தெரியாத ஒருவனோடு. அதனால் எழுத ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டது சரியா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளச் சுவிச்சு வைத்த வாகனத்தில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், சத்தம் வரும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பெற்றோல் பம்புக்குப் போகும் கரண்டை எங்கேயோ ஒளித்து வைத்த ஒரு சிறிய சுவிச்சு நிறுத்தி வைத்திருக்கும். இடம் தெரிந்தவர் அதைத் தட்டிவிட்டு ஓட்டிப்போவார். தெரியாதவர் நாலைந்து தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டி பழுது என்று நினைத்து விட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான். வேலை பெரிதில்லை. வைக்கிற இடம்தான் வேலை.

எங்கள் கடையில் அதற்கு ஒரு முறை இருந்தது. சுவிச்சு வைத்து முடித்ததும் கடையில் இருக்கிற எல்லோரும் வெளியே தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட வேண்டும், பாஸ் உட்பட. கடைக்காரரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். வாகனத்துக்குள் இருப்பது வைத்தவரும் கொண்டுவந்தவரும் மட்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இடத்தைக் காட்டுவோம். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை கையை விட்டுத் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு நாங்கள் இறங்கிவிடுவோம். வேலைப் புத்தகத்தில் "வயரிங் செக்" என்று மட்டும் எழுதுவோம். இடம் இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது. பாஸுக்கும் தெரியக் கூடாது.

இது நல்ல முறை. இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதில் ஒரு தனிமை இருக்கிறது. அதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன். கிளினிக்குக்கு மகனைத் தூக்கிக்கொண்டு போகும்போது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாகனங்கள் வரிசையாக நிற்கும். இந்த வேனுக்கு எங்கே, அந்த முச்சக்கர வண்டிக்கு எங்கே என்று என் விரல்களுக்குத் தெரியும். அவர்களுக்கு என் முகமே நினைவிருக்காது. யாரிடமும் சொல்ல முடியாத விஷயங்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடப்பது விசித்திரமான வேலை. கணவரிடமும் சொன்னதில்லை. அவர் கேட்டதுமில்லை.

ஆரம்பத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. முதல் ஏழு வாகனங்களுக்கும் நான் ஒரே மாதிரி இடத்தில்தான் வைத்திருந்தேன். எனக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் நான் வேலை முடித்த வேனுக்குள் பாஸ் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். மூச்சு விடுவதற்குள் சுவிச்சைத் தொட்டுவிட்டார்.

"எப்புடி பாஸ்?"

"வேனப் பாக்கல புள்ள. ஒன் கையப் பாத்தேன். ஒன் கை எங்க போகுதோ அங்கதானே நீ வைப்ப?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி இறங்கிப் போனார். போகும்போது, "ஒன் கைக்கு வைக்காத. வர்றவரு கைக்கு வை. அவரு எப்புடி ஏர்றாரு, பேக்க எங்க போடுறாரு, கைய எங்க வைக்கிறாருன்னு பாரு. பாத்துட்டு வை" என்றார்.

அந்த ஏழு பேரையும் திரும்ப அழைத்து இடத்தை மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து நான் வாகனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வருகிறவரைப் பார்க்கப் பழகினேன். மனிதர்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பார்த்து எனக்கு அதில் கெட்டித்தனம் வந்துவிட்டது. அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வருடம், மகன் வயிற்றில் ஆறு மாதம். பல்லேபொலயிலிருந்து ஒருவர் சின்ன வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். மாத்தளையில் மிளகு, கராம்பு வாங்கி விற்கிற கடை வைத்திருப்பவர். நல்ல உயரம், மரியாதையான பேச்சு.

"தங்கச்சி, நல்லா ஒளிச்சு வைக்கணும். கைய விட்டுத் தடவினா ஆப்புடக் கூடாது."

"களவு போற மாதிரி ஏதும் நடந்திச்சா அண்ணே?"

"இன்னும் நடக்கல. நடக்க முந்தி வைக்கிறதுதானே புத்தி?"

ஏறி உட்காரச் சொன்னேன், வழக்கம்போல் பார்ப்பதற்காக. அவர் ஏறினார், முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தது. வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு குனிந்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். கடைசி வரைக்கும் தள்ளினார். கடைக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர் அவர்தானே என்று கேட்காதீர்கள். அன்றைக்குக் கொண்டுவந்தது அவருடைய கடையில் வேலை செய்பவர்; அவரும் இருக்கையைத் தொடாமல் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் ஓட்டி வந்தார். இவர் பைக்கில் பின்னால் வந்தார். இருக்கையை முன்னுக்கு இழுத்து வைத்து அந்தக் காரைத் தினமும் ஓட்டுவது வேறொருவர். குட்டையானவர். அந்த நிமிடமே எனக்கு அது தெரிந்தது. வயர் இழுப்பதற்காகக் கம்பளத்தைத் தூக்கியபோது அடியில் வெள்ளை நூல் துண்டுகளும் குண்டூசிகளும் கிடந்தன. ஒன்று என் விரலில் ஏறியது. பின் இருக்கையில் ஒரு பிள்ளையின் தண்ணீர்ப் போத்தல். எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் கேட்கவில்லை.

நான் மூன்று இடம் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர், "இன்னும் தள்ளி" என்றார்.

"அண்ணே, ஒங்க கை நீளம். அதுக்காக டிக்கியிலயா வைக்கிறது?"

"வச்சா என்னா? குள்ளமான ஆளுக்கு எட்டக் கூடாது. அவ்வளவுதான்."

"கள்ளன் குள்ளம்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

அவர் சிரித்தார். "ஒயரமான கள்ளன் பெரிய வண்டியாப் பாத்துத் தூக்குவான் தங்கச்சி. இந்தச் சின்னக் காருக்குள்ள மடிஞ்சு ஒக்காந்து ஓட்டுறதுக்கு அவனுக்கு என்னா தலையெழுத்து?"

நானும் சிரித்தேன். அடுத்த ஒரு மணித்தியாலம் அந்த இடத்தைத் தேடுவதில்தான் என் முழு மனமும் இருந்தது. கடைசியில் கண்டுபிடித்தேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி, அவருடைய நீளமான கை மட்டும் போகக்கூடிய ஓர் இடம். சராசரி உயரமுள்ள பெண்ணின் கை அதற்கு அரைச் சாண் முன்னாலேயே நின்றுவிடும். எப்படித் தெரியும் என்றால், என் கையை வைத்துத்தான் அளந்தேன். எல்லோரும் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவையும் சரியாகத் தட்டினார்.

"கெட்டிக்காரி தங்கச்சி நீங்க" என்றார்.

அந்தச் சொல் அன்றைக்கு முழுவதும் எனக்கு இனித்தது. வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போதும் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, பத்தரை மணி இருக்கும். பாஸ் சாமான் வாங்கக் கண்டிக்குப் போயிருந்தார். கடைப் போன் அடித்தது. எடுத்தேன். ஒரு பெண். மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். அவளுடைய பெயரை மாற்றி மாலா என்று வைத்துக்கொள்கிறேன்.

"அக்கா, பல்லேபொலயில இருந்து பேசுறேன். காரு ஸ்டார்ட் ஆகுதில்ல. கதவுல ஒங்க ஸ்டிக்கர் ஒட்டியிருந்திச்சு, அதுல உள்ள நம்பருக்கு எடுத்தேன். சத்தம் வருது, புடிக்க மாட்டேங்குது."

எந்தக் கார் என்று கேட்டேன். அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரரு காரக் கொண்டாந்தாரா அங்க? என்னா வேல செஞ்சீங்க?"

"வயரிங் செக் பண்ணினோம்" என்றேன். புத்தகத்தில் எழுதியிருந்ததைத்தான் சொன்னேன். பொய்யில்லை.

"அதுக்கப்புறம்தான் இப்புடியா? நேத்து வரைக்கும் ஓடிச்சே அக்கா. நேத்து நான்தானே ஓட்டுனேன்."

மூன்று வாரம் கார் ஓடும்படி சுவிச்சைப் போட்டே வைத்திருந்து, அன்று காலையில்தான் அவர் அதை நிறுத்தியிருக்கிறார்.

"எனக்கு இப்பவே போகணும் அக்கா. எங்கம்மா பல்லேகமயில இருக்காங்க. விழுந்துட்டாங்க. அவங்களப் பாக்கணும்."

"பஸ்ல போகலாமே?"

"எப்புடிப் போறது? மூணு பேக்கு இருக்கு, புள்ள இருக்கு, தையல் மெசினு இருக்கு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். விழுந்த அம்மாவைப் பார்க்கப் போகிறவர் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

"காரு யாரு பேருல இருக்கு?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த மனிதரிடம் கேட்டிருக்க வேண்டும்.

"அவரு பேருல. நான் குவைத்துல வீட்டு வேல செஞ்சு அனுப்புன காசுலதான் எடுத்தது. நாலு வருஷம். நான் அங்க இருக்கும்போது எடுத்ததால அவரு பேருல போட்டாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நீங்க என்னமோ செஞ்சிருக்கீங்க. எனக்குத் தெரியும். சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷம் குடுங்க. நானே போன் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டேன்.

பாஸை அழைத்தேன். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சாவி கொண்டாந்தது யாரு?"

"புருஷன்."

"அப்ப அவருகிட்டக் கேளு. நமக்கு அவரத்தானே தெரியும்?"

"அவங்க வீட்ட விட்டே போறாங்க போல பாஸ்."

"புள்ள, அது அவங்க குடும்பத்து விஷயம். நீ வயர மட்டும் பாரு." இரைச்சலில் போன் துண்டித்துப் போனது.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். கடையில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். வீதியில் பாடசாலை வேன்கள் கூட இல்லாத நேரம். யாரிடமாவது கேட்காமல் நான் செய்த காரியம் என் வாழ்க்கையில் எதுவும் கிடையாது. கேட்க வேண்டியவரிடம் கேட்டும் ஆகிவிட்டது, அவர் சொல்லியும் ஆகிவிட்டது. அதனால் சொன்னபடி செய்தேன். அந்த மனிதரை அழைத்தேன்.

"அண்ணே, ஒங்க வீட்டுல இருந்து போன் வந்திச்சு. காரு ஸ்டார்ட் ஆகலியாம். எடத்தச் சொல்லட்டுங்களா?"

காருக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. "எங்க போறாளாம்?" என்றார்.

"பல்லேகமைக்கு. அம்மா விழுந்துட்டாங்களாம், ஏலாதாம்."

"சரி தங்கச்சி. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்." அமைதியாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கடையின் ஷட்டர் கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. முழுவதும் இறங்கித் தரையில் முட்டுகிற சத்தம். முற்பகல் பத்தரைக்கு ஒரு மிளகு வியாபாரி கடையை மூடுகிறார்.

அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்குப் புரிந்தது. கள்ளன் பயத்தில் சுவிச்சு வைத்தவர் வேறு மாதிரிப் பேசியிருப்பார்.

பைக்கில் வீட்டுக்குப் போக அவருக்கு அரை மணித்தியாலம் ஆகும். நான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. இரண்டு நிமிடமாக இருக்கலாம், ஆறு நிமிடமாக இருக்கலாம். இதை எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வருகிறது. பிறகு மாலாவை அழைத்து இடத்தைச் சொன்னேன். எந்த இடம் என்று இங்கே எழுத மாட்டேன். அந்தக் கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எட்டல அக்கா. கை போகுதில்ல."

"போகாது. இருக்கைக்குப் பின்னால எறங்கிப் பாருங்க."

"என்னால அதுக்குள்ள நொழைய முடியாது." பிறகு திரும்பி யாரிடமோ, "மகள், இங்க வா. செருப்பக் கழட்டிட்டு இதுக்குள்ள கைய விடு. பயப்புடாத, பூச்சி ஒண்ணும் இல்ல" என்றாள். அந்தப் பிள்ளைக்கு அப்போது ஆறு வயதாம். "அம்மா, சின்னதா ஒண்ணு இருக்கு" என்ற குரல் எனக்குக் கேட்டது. அடுத்து ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடித்தது.

"புடிச்சிருச்சு! அக்கா, புடிச்சிருச்சு! கடவுள் ஒங்கள நல்லா வைக்கணும்."

"சீக்கிரம் போங்க" என்றேன்.

அவர் வந்துகொண்டிருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், எனக்கு அது எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருப்பாள். அந்த நேரத்திலும் நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

பின்னேரம் அந்த மனிதர் கடைக்கு வந்தார். பாஸும் வந்துவிட்டிருந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் சத்தம் போடவே இல்லை. என்னைப் பார்த்து, "நான் வேணாம்னு சொன்னேனே தங்கச்சி?" என்றார். பாஸ் என் பக்கம் திரும்பி, "சொல்லிட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பாஸ் அவரிடம், "தப்பு எங்க பக்கம்தான். அந்தத் தப்புக்கு நான் பொறுப்பு. இந்தப் புள்ளகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றார்.

அவர் போன பிறகு பாஸ் என்னைத் திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு கள்ளச் சுவிச்சு வேலை எதையும் என்னிடம் தரவில்லை. ஹோர்ன், ஹெட்லைட், வைப்பர் மோட்டார், இவைதான் வந்தன. சுவிச்சு வைக்க யாராவது வந்தால் அவரே செய்வார். நான் மற்றவர்களோடு தேத்தண்ணீர் குடிக்கப் போய் வெளியே நிற்பேன். இரண்டு மாதத்தில் பிரசவ விடுமுறை எடுத்தேன், திரும்பிப் போகவில்லை. பிள்ளைக்காக வேலையிலிருந்து நின்றேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

மாலா போய்ச் சேர்ந்துவிட்டாள். பல்லேகமயில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு பாடசாலைச் சீருடை தைக்கிறாள். தைத்ததைக் காரில் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது எனக்குப் போன் எடுப்பாள். என் நம்பரைக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறாள். மகன் பிறந்தபோது ஒரு சின்னச் சட்டை தைத்து அனுப்பினாள். பேசும்போதெல்லாம் அன்றைக்கு நடந்ததைச் சொல்லுவாள். பிரதான வீதியில் ஏறித் திரும்பியபோது பின்னால் அவருடைய பைக் ஊர் வீதிக்குள் இறங்குவதைக் கண்ணாடியில் கண்டாளாம். நடுவில் ஒரு பஸ் நின்றதால் அவர் காரைக் காணவில்லையாம்.

"அந்த நேரத்துல அவரு வீட்டுக்கு வர்றதே இல்ல அக்கா. அன்னைக்கு என்னமோ வந்தாரு. ரெண்டு நிமிஷம் பிந்தியிருந்தா அவ்வளவுதான். நீங்கதான் காப்பாத்துனீங்க."

நான் "ம்" என்பேன். பிறகு மகன் அழுகிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன். பெரும்பாலும் அவன் அழுதுகொண்டிருக்க மாட்டான்.

போன வாரம் அவள் மறுபடியும் அழைத்தாள். இந்த முறை குரல் வேறாக இருந்தது. கார் தன்னுடையது, மனைவி கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள், திருப்பித் தர வேண்டும் என்று அவர் முறைப்பாடு கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியஸ்த சபையில் பேச்சு; வழக்குக்குப் போகாமல் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி முடிக்கிற இடம் அது. கார் போனால் அவளால் தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. அவள் இருக்கிற இடத்திலிருந்து பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"சுவிச்சு வச்சது கள்ளனுக்காகன்னு சொல்றாரு அக்கா. எனக்காகத்தான் வச்சாருன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? நீங்க வந்து உள்ளதச் சொன்னாப் போதும்."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு உண்மையில் என்ன தெரியும்? அவர் ஒரு தடவை கூட மனைவி என்று சொல்லவில்லை. குள்ளமான ஆள் என்றார், அதற்கு நானும் சிரித்தேன். இருக்கை முன்னுக்குத் தள்ளியிருந்தது, நூல் கிடந்தது, குண்டூசி குத்தியது. இதையெல்லாம் சாட்சி என்று ஏற்பார்களா? ஏற்றால், அதைப் பார்த்தும் ஏன் அந்தச் சுவிச்சை வைத்தாய் என்று என்னைக் கேட்க மாட்டார்களா? பாஸிடம் போனில் கேட்டேன். "போ புள்ள, போக வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நாம வைக்கிற எடத்தப் பத்தி சபையில பேசுனா அதுக்கப்புறம் யாரு நம்மகிட்ட வருவாங்க, அதையும் நெனச்சுப் பாரு" என்றார். கணவரிடம் கேட்டேன். "நல்லதுதானே செஞ்ச? போய்ச் சொல்லிட்டு வா, இதுல யோசிக்க என்னா இருக்கு?" என்றார். அவருக்கு முழுக் கதை தெரியாது. மாலாவுக்கு முன்னால் நான் யாரை அழைத்தேன் என்பதை அவரிடம் சொன்னதில்லை. பாஸுக்கும் மாலாவின் கணவருக்கும் மட்டும்தான் அது தெரியும்.

அந்த மனிதர் சபையில் இருப்பார். நான் எழுந்து பேசத் தொடங்கினால், "இந்தத் தங்கச்சிதான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னது" என்று அவர் ஒரு வரி சொன்னால் போதும். மாலா அங்கேதான் உட்கார்ந்திருப்பாள்.

வேலைக்குப் போகிற உங்களுக்கு ஏதாவது ஒரு புத்தி சொல்லி முடிக்க வேண்டும் என்று மிஸ் எழுதியிருந்தார். இதுதான்: சுவிச்சு வைக்கச் சொல்லி ஒருவர் வாகனம் கொண்டுவந்தால், பதிவுப் புத்தகத்தைப் பார்ப்பதோடு விடாதீர்கள். இதை வேறு யார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கும் இடம் காட்ட வேண்டுமா என்று கேளுங்கள். "வேணாம்" என்றால் ஏன் என்று கேளுங்கள். கேட்டால் வந்தவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடலாம். போகட்டும். இப்படி எழுதிவிட்டேன், ஆனால் நாளைக்கு நான் திரும்ப வேலைக்குப் போனால் இதைக் கேட்பேனா என்று எனக்கு நிச்சயமில்லை. கேட்டால் எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்றும் நிச்சயமில்லை.

இப்போது நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். இந்த வேலை தெரிந்தவர்கள், இந்த முறையைத் தெரிந்தவர்கள் நீங்கள். வேறு யாரிடமும் என்னால் இதைக் கேட்க முடியாது. நான் சபைக்குப் போகலாமா? போவதானால், நான் முதலில் அவரை அழைத்ததை மாலா அவர் வாயால் கேட்பதற்கு முன் நானே அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடலாமா? சொன்ன பிறகும் அவள் என்னை வரச் சொன்னால் போகிறேன். வர வேண்டாம் என்றால், அவளுக்காகப் பேச அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். சொல்லாமலே போனால் அவளுக்கு உதவியாக இருக்குமா, அல்லது இதுவும் நான் என்னைக் காப்பாற்றிக்கொள்வதுதானா?

அடுத்த வாரம் சனிக்கிழமைக்கு முன்னால் எழுதுங்கள். மகன் பகலில் பதினொரு மணிக்குத் தூங்குவான். அந்த நேரத்தில் நான் போனை எடுத்துப் பார்ப்பேன். நீண்ட பதில் வேண்டாம், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.